தண்ணீர் பட்டால் போய்விடும் கற்கள்: மோஹாவே பாலைவனத்தில் போரேட் தேடுவது எப்படி

போரானும் ஆக்சிஜனும் சேர்ந்த போரேட் கனிமம் தேடி கலிஃபோர்னியாவின் மோஹாவே பாலைவனத்துக்குக் கிளம்பும் புதியவர்கள் மனதில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள்தான் இருக்கும். ஒன்று, நிறமற்ற வெங்காரப் (போராக்ஸ்) படிகம். இன்னொன்று, நார்நாராகப் பிரியும் கெர்னைட். பொது நிலத்தில் கால்நடையாகத் தேடி இந்த இரண்டையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தால் பெட்ரோல் செலவுதான் மிச்சம். இரண்டும் சோடியம் போரேட்டுகள், தண்ணீரில் கரைபவை. மேலே களிமண் மூடியிருக்கும்வரைதான் அவற்றுக்கு வாழ்வு. அரித்து வெளியே வந்துவிட்டால் மழை கரைத்துவிடும், மழை விட்டதை வெயில் வெளுத்துவிடும். தரைமட்டத்தில் காலம் தள்ளுபவை கால்சியம் போரேட்டுகள். கோல்மனைட், ஹவுலைட் இரண்டும் அந்த வகை. சோடியமும் கால்சியமும் கலந்த யுலெக்சைட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எங்கே போவது, எந்தச் சட்டம் பொருந்தும், எப்படிக் கழுவுவது, எதில் போட்டு வைப்பது என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடும்.

நிலம் யாருடையது?

கல்லைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கூட்டாட்சி அரசின் பொது நிலத்தில் பெரும்பங்கு நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் இருக்கிறது. கல் சேகரிப்போர் பேச்சில் அது பி.எல்.எம். சொந்தச் சேகரிப்புக்காக, நியாயமான அளவில், கைக்கருவிகளால் கல்லும் கனிம மாதிரியும் எடுக்க அந்த நிலத்தில் அனுமதி உண்டு. விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது. இயந்திரம், வெடி எதுவும் கூடாது. ‘நியாயமான அளவு’ எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கல்லாகிப்போன மரத்துக்கு விதியே எண்ணைச் சொல்லிவிடுகிறது: ஒரு நாளைக்கு 25 பவுண்டும் ஒரு துண்டும், ஆண்டுக்கு மொத்தம் 250 பவுண்டு. மற்றக் கற்களுக்கும் அதே அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 25 பவுண்டு என்றால் சுமார் 11 கிலோ. ஒரு வாளிக் கோல்மனைட்டே அதைத் தாண்டிவிடும்.

அடுத்தது சுரங்க உரிமைக்கோரல், அதாவது கிளெய்ம். பி.எல்.எம். நிலமாக இருந்தாலும் ஒருவர் கிளெய்ம் போட்டிருந்தால் அங்குள்ள கனிமம் அவருடையது. நடந்து போகலாம், கல்லைத் தொடக் கூடாது. இதிலும் போரேட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சோடியம் போரேட்டுகள் 1920ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டத்தில் வருகின்றன. கோல்மனைட் போன்றவை 1872ஆம் ஆண்டின் பழைய சுரங்கச் சட்டப்படி கிளெய்ம் போடத்தக்கவை. ஆகவே குத்தகை, கிளெய்ம் என்று இரண்டு பதிவுகளையும் பார்க்க வேண்டும். இரண்டும் பி.எல்.எம்.மின் இணையப் பதிவேட்டில், அமெரிக்க நில அளவைக் கட்டங்களான டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண்படி கிடைக்கும். ஒரு செக்‌ஷன் என்பது 640 ஏக்கர். தேடும் இடத்தின் செக்‌ஷன் எண்ணை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அந்த எண்ணில் உயிரோடிருக்கும் கிளெய்ம் உண்டா என்று பாருங்கள். ஆண்டுக் கட்டணத்துக்குக் கெடு செப்டம்பர் 1. கட்டாதவர்களின் கிளெய்ம் காலாவதியாகும், புதியவர்கள் போடவும் செய்வார்கள். போன வசந்தத்தில் பார்த்த பதிவை நம்பி இந்தக் குளிர்காலத்தில் போகக் கூடாது. களத்தில் மரக்கம்பம், கல் குவியல், வெள்ளைக் குழாய் எது தென்பட்டாலும் கிளெய்ம் எல்லை என்றே கொள்ளுங்கள். கம்பம் இல்லாததால் கிளெய்ம் இல்லை என்று ஆகிவிடாது. பதிவேடு சொல்வதுதான் கணக்கு.

முழுத் தடை உள்ள இடங்கள்தாம் துரதிர்ஷ்டவசமாக நூல்களில் புகழ்பெற்ற இடங்கள். மவுண்ட் பிளாங்கோ, கோவர் கல்ச், ட்வென்டி மியூல் டீம் கேன்யன் எல்லாமே டெத் வேலி எல்லைக்குள் இருக்கின்றன. 1933இல் தேசிய நினைவிடமாகி 1994இல் தேசியப் பூங்கா ஆன அந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்க முடியாது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் ‘இங்கே இன்யோயைட் கிடைக்கும்’ என்று (அதுவும் ஒரு கால்சியம் போரேட்) போட்டிருப்பதை நம்பிப் போய் அபராதம் கட்டாதீர்கள். மோஹாவே தேசியக் காப்பகத்திலும் அதே தடைதான். சைனா லேக், ஃபோர்ட் இர்வின், எட்வர்ட்ஸ் மூன்றும் ராணுவ நிலங்கள். எட்வர்ட்ஸுக்கு வடக்கே போரான் ஊரில் இருக்கும் ரியோ டின்டோவின் திறந்தவெளிச் சுரங்கம் தனியார் இடம். ஹவுலைட்டுக்குப் பெயர்போன டிக் கேன்யனும் பொது நிலம் அல்ல. பி.எல்.எம். நிலத்திலேயே ‘வனக்காப்பு’ (வைல்டர்னஸ்) என்று அறிவித்த பகுதிகளில் மேலே கிடப்பதைப் பொறுக்கலாம், தோண்டக் கூடாது.

இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். பழைய போரேட் முகாம்கள் 1880, 1890களைச் சேர்ந்தவை. அங்கே கிடக்கும் துருப்பிடித்த டப்பா, ஊதா நிறம் ஏறிய கண்ணாடிப் புட்டி, சதுர ஆணி எல்லாம் நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருள்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றை எடுப்பது குற்றம். கல்லோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

எங்கே தேடுவது

யெர்மோ ஊருக்கு வடக்கே காலிகோ மலைகள் இருக்கின்றன. அங்குள்ள மியூல் கேன்யன் பக்கம் கோல்மனைட் தேடிப் பழக நல்ல இடம். 1890களில் பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனம் போரேட் என்றே பெயரிட்ட முகாமில் தோண்டியது இங்கேதான். தாதுவை இறக்க 1898இல் டாகெட் வரை ஒரு சிறு ரயில் பாதை போட்டார்கள். 1907இல் டெத் வேலிப் பக்கம் லைலா சி சுரங்கத்துக்கு மாறிப்போனார்கள். கிளெய்ம்களும் தனியார் பட்டாவும் பொது நிலமும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. மேலே சொன்ன செக்‌ஷன் கணக்கு இங்கேதான் உதவும். பக்கத்தில் இருக்கும் காலிகோ கோஸ்ட் டவுன் மாவட்டப் பூங்கா, அங்கே எடுக்கக் கூடாது.

தேட வேண்டியது மலையை அல்ல, ஏரிப் படுகையை. போரேட்டைத் தாங்கும் அடுக்குகள் மயோசீன் காலத்தில் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) வெளியேறும் வழியில்லாத ஏரிகளின் அடியில் படிந்தவை. எரிமலைப் பகுதியின் வெந்நீர் ஊற்றுகள் போரானைக் கொண்டுவந்து கொட்டின, தண்ணீர் ஆவியானது, யுலெக்சைட் போன்றவை படிந்தன. புதைந்த பிறகு கால்சியம் மிகுந்த நிலத்தடி நீர் ஊறியதில் பல இடங்களில் கோல்மனைட் உருவானது. ஆகவே கண் தேட வேண்டியது சாம்பல் அல்லது பச்சை கலந்த களிமண்பாறையையும், அதன் நடுவே வெளிர்நிறத்தில் ஓடும் எரிமலைச் சாம்பல் பட்டைகளையும்தான். களிமண்ணின் மேற்பரப்பு உப்பிப் பொரிந்து, மிதித்தால் உள்வாங்கும். அடுக்குகள் மடங்கிச் சாய்ந்திருப்பதால் ஒரு இடத்தில் போரேட் கண்டால், அதே அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மேலும் கீழும் அலைவது வீண்.

தொடக்கம் வறண்ட ஓடையில்தான். ஓடை மணலில் வெள்ளைத் துண்டு கிடைத்தால் மேல்நோக்கிப் போங்கள். துண்டுகளின் முனை கூர்மையாகிக்கொண்டே வந்தால் மூலம் நெருங்குகிறது என்று பொருள். துண்டுகள் திடீரென்று நின்றுபோனால் தாண்டிவிட்டீர்கள். திரும்பி வந்து இருபக்கக் கரையையும் பாருங்கள்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் போரேட் அல்ல

ஏமாற்றுவதில் முதலிடம் ஜிப்சத்துக்கு, அடுத்தது கால்சைட்டுக்கு. கோல்மனைட்டோடு சேர்த்து மூன்றும் ஒரே சரிவில் கிடக்கும். நகத்தால் கீறுங்கள். கீறல் விழுந்தால் ஜிப்சம். கோல்மனைட்டின் கடினம் 4.5, நகம் அதைத் தொடாது, கத்தி முனை கீறும். ஜிப்சத்தின் மெல்லிய தகடு கொஞ்சம் வளையும், கோல்மனைட் வளையாமல் உடையும். கால்சைட் மூன்று திசைகளில் பிளந்து சாய்ந்த கட்டங்களாகும். கோல்மனைட்டுக்கு ஒரே ஒரு திசையில்தான் சுத்தமான பிளவு. எடையை நம்ப வேண்டாம். கோல்மனைட்டின் ஒப்படர்த்தி 2.42, ஜிப்சம் 2.32, கால்சைட் 2.71. கையில் தூக்கிப் பார்த்து இவற்றைப் பிரிக்கிறேன் என்பவர் தன்னை ஏமாற்றிக்கொள்கிறார். செலஸ்டைட் என்ற கனிமம் மட்டும் விதிவிலக்கு. கிட்டத்தட்ட 4 என்பதால் தூக்கியதுமே தெரியும், கோல்மனைட்டோடு சேர்ந்தும் வரும்.

அமிலச் சோதனைக்குப் பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். கடையில் மியூரியாட்டிக் அமிலம் என்று விற்பதும் அதுதான், செறிவு சுமார் 31 சதவீதம். இரண்டு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலத்தை மெதுவாக ஊற்றினால் சரியாக வரும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தால் கால்சைட், அமைதியாக இருந்தால் கோல்மனைட் அல்லது ஜிப்சம். இதில் ஒரு பொறி உண்டு. வெயிலும் மழையும் பட்ட கோல்மனைட்டின் மேல்தோல் காலப்போக்கில் கால்சைட்டாக மாறிவிடுகிறது. மேலே சொட்டுவிட்டு நுரை வந்ததும் தூக்கி எறிந்தால் நல்ல கல்லை எறிந்தவர் ஆவீர்கள். புதிதாக உடைத்த முகத்தில்தான் சொட்டுவிட வேண்டும்.

போரான் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல நம் சமையலறை மஞ்சளே போதும். ஐம்பது மில்லி ரப்பிங் ஆல்கஹாலில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலக்கித் தெளியவிட்டு, காபி வடிதாளை நீளத் துண்டுகளாக வெட்டி நனைத்து நிழலில் உலர்த்துங்கள். சோதிக்க வேண்டிய கல்லைத் தீக்குச்சித் தலையளவு பொடித்து, மேலே சொன்ன அமிலத்தில் சில சொட்டு விட்டுக் கரையுங்கள். கரைய மறுத்தால் லேசாகச் சூடுகாட்டலாம். மஞ்சள் தாளை அதில் தொட்டு, முடி உலர்த்தியின் இளஞ்சூட்டில் முழுதாகக் காயவிடுங்கள். போரான் இருந்தால் தாள் செம்பழுப்பாகும். அதன்மேல் வீட்டு அமோனியா ஒரு சொட்டு விட்டால் கரும்பச்சை அல்லது கருநீலமாக மாறும். இரண்டாவது நிறமாற்றம்தான் முடிவான சாட்சி.

அமிலத்தை விட்டுவிட்டால் இந்தச் சோதனை பொய் சொல்லும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அது காரத்தின் வேலை. வெங்காரக் கரைசலும் காரம்தான், பி.எச். 9க்கு மேல். வெறும் தண்ணீரில் கரைத்துத் தாளைத் தொட்டால் சிவப்பது போரானாலா காரத்தாலா என்று சொல்ல முடியாது. துணி சோடாவும் அப்படியே சிவக்கவைக்கும். அமிலம் தூக்கலாக இருந்தாலும் தாள் காய்கையில் கொஞ்சம் பழுப்பேறும். அதனால் கல் சேர்க்காமல் அமிலத்தில் மட்டும் தொட்ட தாள் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

சுடர்ச் சோதனையும் உண்டு. சிறு எஃகுக் கரண்டியில் பொடியை வைத்து அமிலம் ஒரு சொட்டு, மெத்தனால் சில சொட்டு விட்டுப் பற்றவைத்தால் சுடரின் ஓரம் பச்சையாகும். ரப்பிங் ஆல்கஹாலின் மஞ்சள் சுடர் பச்சையை மறைத்துவிடும், அதனால்தான் மெத்தனால். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் எரிவது கண்ணுக்கே தெரியாது. எரியும்போது மேலும் ஊற்றினால் கை போகும். செம்பும் பேரியமும்கூடப் பச்சை காட்டும் என்பதால் இதை இரண்டாம் சாட்சியாகத்தான் கொள்ள வேண்டும். கோல்மனைட் துண்டை நேராகத் தீயில் காட்டினால் பொரிந்து வெடித்துச் சிதறும், கண்ணாடி அணியாமல் செய்யாதீர்கள். புற ஊதா விளக்கில் பல கோல்மனைட்டுகள் வெளிர்மஞ்சளாக ஒளிரும். பார்க்க அழகு, ஆனால் கால்சைட்டும் ஒளிரும்.

எடுப்பது

மூன்று பவுண்டுச் சுத்தியல், இரண்டு உளி (ஒன்று தட்டை, ஒன்று கூர்), முக்கால் மீட்டர் கடப்பாரை, பழைய ஸ்க்ரூடிரைவர், பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கி), பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, செய்தித்தாள் ஒரு கட்டு. இதற்கு மேல் தேவையில்லை. உண்மையில் அதிகம் வேலை செய்வது ஸ்க்ரூடிரைவர்தான்.

கோல்மனைட் களிமண்பாறைக்குள் உருண்டைகளாகவும் பட்டைகளாகவும் இருக்கும். உருண்டைக்குள் குழிவு இருந்தால் அதன் சுவரில் படிகங்கள் நிற்கும். அளவைப் பார்க்கையில் எடை குறைவாகத் தோன்றும் உருண்டை உள்ளே பொள்ளலாக இருக்க வாய்ப்பு அதிகம். புதியவர்கள் செய்யும் முதல் தவறு உருண்டையின் தலையில் அங்கேயே ஓங்கி அடிப்பது. ஒரே திசையில் சுத்தமாகப் பிளக்கும் கனிமம் அடியின் அதிர்விலேயே உள்ளுக்குள் பிளந்துவிடும். சுவர் நிற்கும், படிகங்கள் எல்லாம் அடியில் கொட்டிக்கிடக்கும். சுற்றிலும் களிமண்ணைச் சுரண்டி, அடியையும் குடைந்து, உருண்டையை முழுதாகக் கழற்றி எடுங்கள். பிளம்பர்கள் வார்ப்பிரும்புக் குழாய் வெட்டும் சங்கிலி வெட்டியை வீட்டில் சுற்றி இறுக்கினால், நாலாபக்கமும் அழுத்தம் சமமாக விழுந்து உருண்டை இரண்டாகப் பிரியும். ஹவுலைட் கட்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. மேலே காலிஃபிளவர் மாதிரி புடைத்து, உள்ளே பிளவே இல்லாத வெண்கட்டி அது. கடைகளில் நீலச் சாயம் ஏற்றி டர்காய்ஸ் என்று விற்பது பெரும்பாலும் இதையோ இதைப் போன்ற மேக்னசைட்டையோதான்.

தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள். அது மரியாதை மட்டுமல்ல. அந்த வட்டாரத்துப் பாலைவன ஆமை 1990 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம், செங்குத்தான குழியில் விழுந்தால் ஏற முடியாது. காரின் நிழலிலும் வந்து படுத்துக்கொள்ளும். கிளம்புமுன் குனிந்து பாருங்கள். இருந்தால் தொடாமல் காத்திருக்க வேண்டியதுதான்.

உப்புப் படுகையும் பஞ்சுருண்டையும்

யுலெக்சைட் இரண்டு வடிவில் வரும். போரான் சுரங்கத்தில் கிடைக்கும் இறுகிய நார்ப்பட்டை ஒன்று, எழுத்தின்மேல் வைத்தால் அது கல்லின் மேற்பரப்பில் தெரிவதால் டி.வி. கல் என்று கடையில் விற்பது அதுதான். வறண்ட ஏரிப் படுகைகளில் கிடைக்கும் பஞ்சுருண்டை இன்னொன்று. 1880களில் டெத் வேலியின் ஹார்மனி ஆலையில் சீனத் தொழிலாளர்கள் பொறுக்கியது இதைத்தான். பின்னாளில் பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனத்தை நிறுவிய ‘போராக்ஸ்’ ஸ்மித், நெவாடாவில் டீல்ஸ் மார்ஷ் மாதிரி படுகைகளில் தொழில் தொடங்கியதும் இந்தச் சரக்கை வைத்துத்தான். உருண்டைகள் பொருக்கின் மேலே இருக்காது. உப்பிய பொருக்கை விலக்கி, ஈரமான களிமண்ணில் ஒன்றிரண்டு சாண் ஆழத்தில் பார்க்க வேண்டும். பட்டாணி முதல் கைப்பிடி வரை அளவிருக்கும். கரண்டியால் சுற்றி எடுத்து, மண்ணோடு செய்தித்தாளில் வைத்து நிழலில் உலர்த்திய பின் மென்தூரிகையால் தட்டுங்கள். தண்ணீரில் போட்டால் பட்டு இழைகள் ஒட்டிக் கூழாகிவிடும்.

படுகையில் வண்டியை இறக்காதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு, கீழே சேறு. அச்சுவரை புதைந்தால் இழுத்துக் கொடுக்கும் வண்டிக்கு ஆகும் செலவில் ஒரு நல்ல மாதிரியை விலைக்கே வாங்கிவிடலாம்.

உண்மையான வெங்காரப் படிகமும் ஹாங்க்சைட்டும் வேண்டுமென்றால் வழி வேறு. டிரோனா ஊரில் உள்ள சியர்ல்ஸ் ஏரி பொதுச் சேகரிப்பு நிலம் அல்ல. அங்கே உப்புநீர் இறைத்துப் போரேட், சோடா எடுக்கும் சியர்ல்ஸ் வேலி மினரல்ஸ் நிறுவனம் 2007 முதல் நம் ஊர் நிர்மாவின் கையில் இருக்கிறது. ஆண்டுதோறும் வழக்கமாக அக்டோபர் இரண்டாம் வார இறுதியில் உள்ளூர்க் கனிமச் சங்கம் ஜெம்-ஓ-ராமா நடத்தும்போது ஏரிக்குள் அனுமதிப்பார்கள். முன்கூட்டியே தோண்டிக் குவித்த கருஞ்சேற்றில் படிகம் பொறுக்கலாம், துளையிலிருந்து காற்றழுத்தத்தால் பீய்ச்சி வெளியேற்றும் படிகங்களையும் எடுக்கலாம், இளஞ்சிவப்புக் கல்லுப்பும் உண்டு. ஹாங்க்சைட் போரேட் அல்ல, சல்ஃபேட்டும் கார்பனேட்டும் சேர்ந்தது. ஆனால் அந்த அறுகோணப் படிகத்துக்காகவே பாதிக்கூட்டம் வருகிறது. அங்கே கழுவ வேண்டியது ஏரியின் உப்புநீரில் மட்டும். நல்ல தண்ணீர் பட்டால் முகமும் முனையும் மழுங்கிவிடும். மூடியுள்ள வாளியில் உப்புநீர் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் வீட்டில் மீண்டும் அலச உதவும். பக்கத்தில் உள்ள டிரோனா பினாக்கிள்ஸ் பி.எல்.எம். நிலம்தான் என்றாலும் அந்தத் தூபா (சுண்ணப்பாறை) கோபுரங்களில் கை வைக்கக் கூடாது.

உடம்புக்கு

அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் பருவம். அந்தக் காலத்தில் கோடையில் ஹார்மனி ஆலையே நின்றுபோகும். தொட்டிநீர் ஆறாததால் வெங்காரம் படியாது என்று அமர்கோசா பக்கம் வேலையை மாற்றிக்கொண்டார்கள். தொட்டிக்கே ஆகாத வெயில் மனிதனுக்கும் ஆகாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் வண்டியில் உபரி. கரடுமுரடான மண்சாலையில் டயர் காற்றை 22 முதல் 25 பி.எஸ்.ஐ.வரை இறக்கினால் குலுக்கலும் பஞ்சரும் குறையும். திரும்பக் காற்றடிக்கச் சிறு கம்ப்ரசர் வேண்டும். செல்பேசிச் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டு, எந்த ஓடை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பழைய சுரங்க வாய்க்குள் நுழையாதீர்கள். போரேட் சுரங்கங்கள் தோண்டியது களிமண்பாறையில், அது ஈரம் பட்டால் ஊறிச் சரியும். முட்டுக்கொடுத்த மரங்களுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. கெர்ன் மாவட்டப் பக்கம் மண்ணைக் கிளறினால் வேலி ஃபீவர் என்ற பூஞ்சைத் தொற்று வரக்கூடும், என்95 முகமூடி அணிந்து காற்றுக்கு முதுகு காட்டி வேலை செய்யுங்கள். போரேட்டோடு சில இடங்களில் ஆரஞ்சு நிற ரியல்கார் வரும். அது ஆர்சனிக் சல்ஃபைடு. வெளிச்சத்தில் மஞ்சள் பொடியாக உதிரும், வெறுங்கையால் தொட வேண்டாம். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய சோதனையை இந்தக் காரணத்துக்காகவே கைவிடலாம். போரேட் தூள் குழந்தைகள் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருளும்கூட.

கழுவுவதும் வைப்பதும்

கோல்மனைட் குளிர்ந்த நீரில் கரையாது. களிமண் ஒட்டியதை வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறவிட்டால் மண் தானாகக் கழன்றுவிடும், மிச்சத்தைப் பல்துலக்கும் தூரிகையால் தேயுங்கள். வெந்நீர் கூடாது, திடீர்ச் சூட்டில் பிளவுக் கோடுகள் திறந்துகொள்ளும். அல்ட்ராசோனிக் கருவியும் அதே கேட்டைச் செய்யும். மேலே படிந்த கால்சைட்டை நீக்க வினிகரோ அமிலமோ ஊற்றினால் கோல்மனைட்டும் சேர்ந்து அரிபடும், பளபளப்பு போய்விடும். துருக்கறைக்கு எல்லோரும் சொல்லும் ஆக்சாலிக் அமிலம் இங்கே பெருந்தவறு. கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்படலமாகப் படிந்துவிட்டால் அதை எடுக்கவே முடியாது. கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டி.வி. கல்லை மெருகேற்ற விரும்புவோர் நாருக்குக் குறுக்காக வெட்டி, 220, 400, 600, 1000 என்று உப்புத்தாளில் உலர்வாகவோ ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டோ தேய்க்க வேண்டும், கடைசியில் தோல்துண்டில் சீரியம் ஆக்சைடு. வெட்டு செங்குத்தாக இல்லாமல் சாய்ந்தால் கீழிருக்கும் எழுத்து மேலே ஏறி வராது. தூள் பறக்கும் வேலை என்பதால் முகமூடி கட்டாயம்.

சோடியம் போரேட்டுகளுக்குத்தான் உண்மையான பராமரிப்பு. வெங்காரத்தில் பத்து நீர்மூலக்கூறு, கெர்னைட்டில் நான்கு, டின்கால்கோனைட்டில் ஐந்து என்பது எளிய கணக்கு. வெங்காரம் உலர்காற்றில் நீரை இழந்து டின்கால்கோனைட் ஆகும். கெர்னைட் ஈரக்காற்றில் நீரை ஏற்று அதே டின்கால்கோனைட் ஆகும். இரண்டும் வெள்ளைச் சுண்ணப்பொடியாகத்தான் முடியும். ஆகவே இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. வெங்காரத்தைக் காற்றுப்புகாத கண்ணாடிச் சாடியில், பஞ்சுகூட இல்லாமல், கொஞ்சம் இறுக்கமான அளவில் அடையுங்கள். சிலிகா ஜெல் பொட்டலம் போட்டால் நீங்களே அதை உலர்த்திக் கொல்கிறீர்கள். கெர்னைட்டுக்கு அந்தப் பொட்டலம் வேண்டும், சென்னை மாதிரி கடலோர ஊரில் கட்டாயம் வேண்டும். வெங்காரம் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே நீரை விட ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகை அந்தச் சூட்டை எளிதில் எட்டும். அதனால் படிகம் பயணம் செய்ய வேண்டியது ஐஸ் பெட்டியில், ஐஸ் இல்லாமல்.

ஒவ்வொரு துண்டோடும் ஒரு சீட்டு: இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, செக்‌ஷன் எண், தேதி, எந்தச் சோதனையில் என்ன பெயர் வைத்தீர்கள் என்பது. ‘மோஹாவே, வெள்ளைக் கல்’ என்ற சீட்டுக்கு அர்த்தமில்லை.

வெளுத்துப்போன வெங்காரத்தைத் திரும்பத் தெளிவாக்க முடியாது. ஆனால் வீணும் இல்லை. பொடித்து, 50 டிகிரி அளவுச் சூடான நீரில் கரையும் மட்டும் கரைத்து, வடிகட்டி, மூடி வைத்து மெதுவாக ஆறவிட்டால் புதிய வெங்காரப் படிகம் வளரும். 60ஐத் தாண்டிய நிலையிலேயே படியவிட்டால் ஐந்து நீர் கொண்ட வகைதான் கிடைக்கும், அதனால் வெப்பமானியைப் பார்த்துச் செய்யுங்கள். சீட்டில் ‘வளர்த்தது’ என்று எழுதிவிடுங்கள்.